நாலு பாகத்துப் பச்சை

வேதாளைக்கு நேர் தெற்கே, தீவுக்கு இந்தப் பக்கம்,
ஜெனோவா மூழ்குகிற இடத்தில்
சிவப்புதான் முதலில் சாகும்.
பார் விளிம்பில் விரல் அறுபட்ட அன்று
ரத்தம் கறுப்பாகப் புகைந்ததாம்.
மேலே வந்து மூச்சு வாங்கியபோதுதான்
அது தன்னுடையது என்று தெரிந்ததாம்.

ஆரஞ்சும் மஞ்சளும் அடுத்தடுத்துக் கரைய
நாலு பாகத்துக்குக் கீழே வந்து சேர்வது
ஒரு கழுவுநீர் வெளிச்சம்.
கரைமேல் நிற்கிற பூவரசும்
கற்களில் வழுக்குகிற பச்சைப்பாசியும்
போதுமென்று தள்ளிவிட்ட பச்சை.
செம்பாசிக்கு அதுதான் சாப்பாடு.

மண்டபத்து ஆய்வுக்கூடத்தில்
குழாய் கழுவுவது, குப்பிக்குப் பெயர் ஒட்டுவது,
கரண்ட் போனால் ஐஸ் வாங்க ஓடுவது
என் வேலை.
பதினோரு வருடம் காது கொடுத்ததில்
பிடிபட்டது இவ்வளவு:

பாசிக்குள் ஒரு வரிசை நிற்கிறது.
வெளி ஓரத்துச் சிவப்பு நிறமி
பச்சை ஒளியை ஏந்துகிறது,
அடுத்து நிற்கும் நீலத்துக்குத் தருகிறது,
அந்த நீலம் இன்னொரு நீலத்துக்கு,
முடிவில் பச்சையத்துக்கு.
எறிந்து பிடிக்கிற வேலை இல்லை.
துறையில் கட்டிய வள்ளத்தின் ஆட்டம்
தொடாமலே பக்கத்து வள்ளத்துக்குப் போகிறதே,
அப்படி.
ஒரு நொடியை லட்சம் கோடியாக நறுக்கினால்
சில நூறு துண்டுக்குள் எல்லாம் முடிந்துவிடும்.
கை மாறும்போது துளிச் சூடு குறையும்.
தரகு அவ்வளவே.

ஜெனோவா இதைக் கேட்டுச் சிரித்தாள்.
"எங்க ஏஜெண்ட் பாசியாப் பொறந்திருக்கலாம்.
மூட்டைக்கு ஈரம் மூணு கிலோ, மண்ணு ரெண்டு,
தராசுக்கு வயித்த வலிச்சா இன்னொண்ணு."

ஐப்பசி மழை சொல்லாமல் வந்தது.
ஆறு நாள் எடுத்த கஞ்சிப்பாசி
தார்ப்பாய்மேல் கிடந்தது.
உப்பில் பிறந்ததற்கு நல்ல தண்ணீர் விஷம்.
உயிரறைகள் வெடித்து
இளஞ்சிவப்பாய் ஓடியது மணலில்.
ஓடியதில் ஒரு பாட்டில் பிடித்துக்கொண்டு
நனைந்த சேலையோடு வந்து நின்றாள்.
"சாயம் போகுதே, என்னண்டு பாரு."

கரண்ட் இல்லை.
யாரோ மாணவி மறந்து போன
பச்சை டார்ச் மேசையில் இருந்தது.
அடித்தேன்.

பச்சை உள்ளே போனது,
ஆரஞ்சு வெளியே வந்தது.
பாட்டில் முழுக்க, கங்கு மாதிரி.
அவள் மூக்குத்தி வரைக்கும்,
என் கைரேகை வரைக்கும்.

வெகுநேரம் பேசவில்லை.
பிறகு கேட்டாள்:
"உசுரோட இருக்கையில ஏன் இப்பிடி மின்னல?"

அங்கே வாங்க ஆள் இருந்தது என்றேன்.
வரிசை கலைந்துவிட்டது.
பிடிக்கிற கை பிடித்துக்கொண்டே இருக்கிறது,
கொடுக்க அடுத்த கை இல்லை.
வைத்திருக்கவும் அதற்குத் தெரியாது.
வெளியே விடுகிறது.

அவள் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"இதுக்கு யாரும் காசு குடுப்பாகளா?"

கீழ்த்தட்டு பிரிட்ஜில்
விரல்நுனி அளவுக் குப்பி ஒன்று இருக்கிறது.
இதே சிவப்பு, சுத்தம் செய்தது,
விமானத்தில் வந்தது.
பில்லைப் பார்த்துப் பெயர் ஒட்டியவன் நான்.
அந்தத் தொகைக்கு அவள்
எத்தனை மாதம் மூழ்க வேண்டுமென்று
அன்றே கணக்குப் போட்டவனும் நான்.

"தெரியல" என்றேன்.

டார்ச்சை அணைக்க மறந்திருந்தேன்.
அவள் பாட்டிலைப் பார்க்கவில்லை,
அந்த வெளிச்சத்தில் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.