நடுவில் ஒரு கண்ணி

பூம்பாறையில் இரவு பதினொன்றே கால்.
பூண்டு விற்கும் தளத்தின் நெற்றியில்
'பாதுகாப்பற்றது' என்று எழுதிவிட்டிருந்தது பிரவுசர்.

ஆயிரத்து நானூறு ரூபாய்க்கு
ஓராண்டுச் சான்றிதழ் வாங்கினேன்.
இந்தப் பெயர் உன்னுடையதுதானா என்றார்கள்.
ஒரு கோப்பைக் கொடுத்து
உன் வாசலில் வை, வந்து பார்க்கிறோம் என்றார்கள்.
வைத்தேன். பார்த்தார்கள்.
நான்கு நிமிடம்.

வருமானச் சான்றுக்குத் தாலுகா ஆபீசுக்கு
ஏழு நடை நடந்தவள் நான்.

சாவியை மட்டும் எங்கும் அனுப்பக் கூடாது.
சர்வரிலேயே பிறந்தது, அங்கேயே கிடக்கட்டும்.

லேப்டாப்பில் பூட்டு விழுந்தது.
போனில் விழவில்லை.
இடையில் ஒரு சான்றிதழைக் கோக்க மறந்திருக்கிறேன்:
உனக்குச் சாட்சி சொன்னவருக்கு
யார் சாட்சி என்கிறது போன்.
நியாயம்தான்.
கரண்ட் போய் மோடம் கண் மூடித் திறக்கும்வரை
குளிரில் விரல்களை அக்குளில் வைத்துக்கொண்டேன்.
பிறகு ஒட்டினேன்,
சர்வரைத் தட்டி எழுப்பினேன்.

ஒன்றரை மணிக்கு
ராஜபாளையத்திலிருந்து யாரோ கார்த்தியாயினி,
இரண்டு கிலோ, நாட்டுப் பூண்டு.
வழியில் எவரும் படிக்க முடியாத எழுத்தில்
அவள் வீட்டு முகவரி
மலையேறி வந்திருந்தது.

பூண்டுக் கொட்டகைக் கதவு
காற்றில் அடித்துக்கொண்டே இருந்தது.
எழுந்து போய்
வழக்கம்போல்
கட்டுக்கம்பியால் முறுக்கிவிட்டு வந்தேன்.