நான்காவது போல்ட்

எண்ணூறு ரூபாய் கேட்டான் லிங்கராஜபுரம் மெக்கானிக்.
அதுவும் "நாளெ பன்னி" என்று ஷட்டரை இறக்கிவிட்டான்.
ஞாயிற்றுக்கிழமை. சர்ச் மணி அடித்து ஓய்ந்திருந்தது.
கீழ்வீட்டு அன்சாரியிடம் ஸ்பேனர் வாங்கிக்கொண்டு
நானே இறங்கினேன், நைட்டிமேல் துண்டோடு.

கேம்பர் வண்டி. முன்னால் இருவர், பின்னால் மூவர்.
கல்யாண ஆர்டர் நின்று எட்டு மாதம்.
இப்போது இரண்டு கம்பெனிக்கு மதியச் சாப்பாடு,
பன்னிரண்டு ஹாட் பாக்ஸ்.
திறந்த டிரேயில் வைத்தால் மூடி இடுக்கில் மழை இறங்கி
சாம்பார் ரசமாகிவிடுகிறது.
அதனால்தான் பின்சீட்டைக் கழற்றுகிறேன்.
வேறு காரணம் ஒன்றுமில்லை.

முதல் போல்ட் கையோடு வந்தது.
இரண்டாவதற்கு ஓர் உதை.
மூன்றாவதன் தலையில் எந்தக் கல்யாணத்தின் பாயசமோ
கல்லாகியிருந்தது, சுரண்டினேன்.
நான்காவது அசையவில்லை.
தேங்காயெண்ணெய் விட்டேன். மண்ணெண்ணெய் விட்டேன்.
அதைப் பெற்றவளைத் திட்டினேன்.
ஊறட்டும் என்று டீ குடிக்கப் போனேன்.

விடியற்காலை மூன்று மணிக்கு ஏறுவார்கள்:
கெம்பம்மா ஜன்னலோரம், வாந்தி வரும் என்று.
நடுவில் பர்வீன், வண்டி திரும்புவதற்குள் தூங்கிவிடுவாள்,
எந்தப் பக்கத் தோள் கிடைத்தாலும் சரி.
கதவோரம் சலோமி, மடியில் கரண்டிக் கூடை.
பெல்ட்டை யாரும் போட்டதில்லை.
அதில் பால் கேனைக் கட்டுவோம்.

டீக்குப் பிறகு வந்தது,
என் விரல்முட்டித் தோலோடு.
சீட்டைத் தூக்கினால்
ரப்பர் பேண்ட், ஊக்கு, முழுசாக ஒரு முந்திரி.
அதற்கும் பின்னால், தகரத்தின் மடிப்பில்
நெய்க்கரண்டி.
வெள்ளி. ஹெண்ணூர் மண்டபத்துடையது,
காம்பில் ஏழு என்று வெட்டியிருந்தது.

மேனேஜர் என்னிடம் ஆறாயிரம் பிடித்தார்.
நான் சலோமியிடம் பிடித்தேன், நாலு வாரமாக.
கூடை உன் மடியில்தானே இருந்தது என்றேன்.
"ஆமாக்கா, மடியிலதான் இருந்துச்சு."
வேறெதுவும் சொல்லவில்லை.
ஐந்தாம் வாரம் வரவில்லை.

கை கழுவாமலே போனை எடுத்து
ஆறாயிரம் என்று அடித்து அவள் நம்பரைப் போட்டேன்.
மஞ்சுநாத் கே. என்று வந்தது.
கெம்பம்மாவைக் கேட்டால் புது நம்பர் கிடைக்கும்.
எதுக்கு என்பாள்.

சீட் இப்போது மாடிப்படிக்குக் கீழே கிடக்கிறது.
நடுவிடத்தை ஒரு நாய் எடுத்துக்கொண்டது.
ஆர்.சி. புத்தகத்தில் இன்னும் ஐந்து பேர்தான்.
ஓட்டைகளுக்குத் துணி அடைக்கச் சொன்னார் அன்சாரி.
மூன்றை அடைத்தேன், துணி தீர்ந்துவிட்டது.

திங்கட்கிழமை ஹெப்பாள் மேம்பாலம்.
பெட்டிகள் ஒருவர்மேல் ஒருவர் சாயாமல் உட்கார்ந்திருந்தன.
நான்காவது ஓட்டையில் காற்று விசிலடித்தது.
கரண்டி என் பக்கத்து சீட்டில்.
பிரேக் பிடிக்கும்போதெல்லாம் கீழே விழுகிறது.
எடுத்து வைக்கிறேன்.