விபரம்

ஓம் ஐயா, இது என் கையெழுத்துத்தான்.

சாயாமல் நிற்கிற ‘ழ’வைப் பாருங்கள்,
பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கித் தந்தது.
களுவாஞ்சிகுடி நெல் ஆலைக்கு
என்னை எடுத்ததும் அதைப் பார்த்துத்தான்.
‘புள்ளைக்கு முத்து முத்தான எழுத்து’ என்றார்
பொது முகாமையாளர் மேகராசா.
அவருக்கு எழுத்தென்று இருந்தது
ஒரு கையொப்பம்.
கோழி கிளறின மாதிரி.
வங்கிக்கு அது போதும்.

முதலாவது வவுச்சர் சின்னது:
அவருக்கு ஒரு கைக்கடிகாரம்.
‘என்னெண்டு எழுதட்டும் சேர்?’
‘நீதானே கெட்டிக்காரி’ என்று
தேநீர்க் கோப்பைக்குள் சிரித்தார்.
எழுதினேன்: ஈரமானி, ஒன்று.
நெல்லின் ஈரம் பார்க்கிற கருவி.
சொத்துப் பதிவேட்டில் இன்றைக்கும்
அது இருக்கிறது.

பிறகு எனக்கே ருசி பிடித்துவிட்டது.
அதையும் சொல்லத்தான் வேண்டும்.
நுவரெலியாவில் குடும்பத்தோடு நாலு நாள் குளிர் காய்ந்ததை
மலைநாட்டு மொத்த வியாபாரிகள் சந்திப்பு ஆக்கினேன்.
இளைய மகளின் சாமத்தியச் சடங்கு,
பந்தல், பலகாரம், வீடியோக்காரன் எல்லாம் சேர்த்து
விவசாயிகள் விழிப்பூட்டல், ஒரு நாள், நூற்றிருபது பேர்.
நானும் போயிருந்தேன்.
மஞ்சள் பட்டில் பிள்ளை நல்ல வடிவு.
விழிப்பூட்டப்பட்டவர்களில் ஒருத்தியாக
இரண்டு தரம் பாயாசம் வாங்கிக் குடித்தேன்.

காசாக ஒரு சதம் தொடவில்லை ஐயா.
தீபாவளிக்கு ஒரு சாறி.
அதையும் சீருடை என்று
நானேதான் எழுதினேன்.

அடுத்தது மின்வேலி.
வெல்லாவெளிப் பக்கம் கம்பனியின் விதைநெல் வயல்களுக்கு
பங்குதாரர் ஒதுக்கின ஏழு லட்சம்,
அவர் வீட்டுக் குசினியில் போய்க்
கறுப்புக் கிரனைட்டாகப் படுத்தது.
நான் மிகக் கவனமாக எழுதினேன்.
கம்பி நாலு கிலோமீற்றர்.
கட்டை நானூறு. பற்றரி. கூலி.
கட்டைக்குக் கட்டை எத்தனை அடி என்றுகூட
வேலி போடுகிற ஒருவரிடம் விசாரித்து எழுதினேன்.
படுவான்கரையில் அவ்வளவு நல்ல வேலி
வேறெங்கும் இல்லை.

யானைக்கு வாசிக்கத் தெரியாது.

மார்கழிக் கடைசி, கதிர் பால் பிடிக்கிற கிழமை,
மூன்று வந்தன.
ஏட்டில் நான் நட்ட கட்டைகளுக்கு ஊடாகவே வந்திருக்கும்.
காவலுக்குப் படுத்திருந்த அருமைத்துரை
வாடியோடு சரிந்தார்.

மண்டூரிலிருந்து வேலைக்குப் போகிற
காலைப் பாதையில் நான் நிற்கிறேன்.
மோட்டார்சைக்கிள்களை ஒதுக்கி
நடுவில் ஒரு கதவுப் பலகையில் அவரைக் கிடத்தினார்கள்.
உயிர் இருந்தது. இடுப்புக்குக் கீழே அசைவில்லை.
வாவி ஒன்றும் தெரியாததுபோல் மினுங்கியது.
‘கம்பனி வேலி போட்டதெண்டு சொன்னாங்களே,
எங்க கா அது?’
அவர் மனைவி என்னைக் கேட்டதா,
தண்ணீரைக் கேட்டதா தெரியாது.
குருமண்வெளித் துறை வரும்வரை
நான் கைப்பையின் சிப்பைத் திறந்து திறந்து பூட்டினேன்.

பத்து மணிக்கு மேகராசா கூப்பிட்டார்.
‘அந்த ஆளுக்கு ஒரு இருபதாயிரம் அனுப்பிவிடு.’
‘என்னெண்டு எழுதட்டும் சேர்?’
முதல் தடவையாகத் தானே சொன்னார்:
‘நன்கொடை எண்டு போடு.’

திகதி போட்டேன். தொகை போட்டேன்.
விபரம் என்ற இடத்தில்
பேனை நின்றுவிட்டது.
பொய் எழுதிப் பழகின கைக்கு
அந்த ஒரு சொல் வரவில்லை.
வெறுமையாக விட்டுப் பைலில் கட்டினேன்.

கொழும்பிலிருந்து வந்த கணக்காய்வாளர்
என் ஈரமானிக்குச் சரி போட்டார்,
சந்திப்புக்கும் விழிப்பூட்டலுக்கும் சரி போட்டார்,
நாலு கிலோமீற்றர் வேலியை ஒரே சரியில் தாண்டினார்.
வெறும் கட்டத்தில் விரலை வைத்து
‘இது என்ன?’ என்றார்.

அன்று தொடங்கினது ஐயா
நான் சொல்ல.

அதோ, கூண்டுக்குள் வெள்ளைச் சேட்டோடு நிற்கிறார்.
இப்போதும் மணிக்கட்டைத் திருப்பி
ஈரமானி பார்க்கிறார்.
சாப்பாட்டு நேரம் போலிருக்கிறது.

என் பேரையும் எதிரிகளோடு சேர்ப்பீர்களோ,
சாட்சியென்று விடுவீர்களோ, தெரியாது.
நான் சொல்வதை உங்கள் எழுதுநர்
தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருக்கிறார்.
எழுத்து கொஞ்சம் கோணல்.

பரவாயில்லை.
எழுதட்டும்.