கையிருப்பு: நாற்பத்தொன்று

ஐஸ் ஹாக்கி, தொண்ணூற்றெட்டாம் ஆண்டுப் பதிப்பு,
எங்கள் கடையில் நாற்பத்தொன்று இருக்கிறது.
ஒன்று இரண்டு டாலர். மூன்று எடுத்தால் ஐந்து.
கொள்வாரில்லை.
ஆடுகிற அலமாரிக்கு அதில் நான்கை
முட்டுக்கொடுத்திருக்கிறோம்.

வருகிறவர்கள் கேட்பதெல்லாம்
எங்களிடம் இல்லாததை.
இருக்கிற ஒன்றிரண்டும் கண்ணாடிப் பெட்டிக்குள்
ஆனை விலை குதிரை விலையில்.
சாவி என் கழுத்தில்.

டலூத்தில் ஜனவரி என்றால்
ஏரி உறைந்து, தாதுக் கப்பல்கள் படுத்துவிடும்.
துறைமுகத்தில் ஆட்களை வீட்டுக்கு அனுப்புவார்கள்.
அப்போதுதான் எங்களுக்குச் சரக்கு வரும்.
ரென்னர் ஒரு வாழைப்பழ அட்டைப்பெட்டியைக்
கவுண்ட்டரில் இறக்கினார்.
முதலாளி வெர்லின் ஆஹோ
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, போனில் தேடி,
பெருமூச்சு விட்டு,
மொத்தமாக முப்பத்திரண்டு என்றார்.
அடிமாட்டு விலை.
ரென்னருக்கும் தெரியும்.
எண்ணாமல் பையில் வைத்துக்கொண்டார்.

வெர்லினைத் திட்ட வாய்வரும்.
ஹீட்டர் பில் வரும் கவரை
நான்தான் பிரிக்கிறேன் என்பதால்
வந்தது திரும்பிப் போய்விடும்.

விலை நாம் வைப்பதா, என்பார் அவர்.
யாரோ எங்கோ நேற்றிரவு
போதையில் கேட்ட ஏலத் தொகை
காலையில் எங்கள் ஸ்டிக்கரில் ஏறும்.
ஏறியது இறங்கி நான் பார்த்ததில்லை.
ரென்னரின் பெட்டியிலிருந்த சாம்பல் நிறக் கேட்ரிட்ஜ்
பிப்ரவரியில் அறுபது
மார்ச்சில் நூற்றுப்பத்து
அப்புறம் நூற்று நாற்பத்தைந்து.
உரிக்க நேரமில்லாமல் ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டினேன்.
தடவினால் விரலில் தட்டும், தழும்பு மாதிரி.

ஏப்ரலில் பனி உடைந்து
முதல் கப்பலின் சங்கு கேட்ட வாரம்
ரென்னர் வந்தார். அந்த ஒன்றுதான் வேண்டும்.
விலையைப் பார்த்தார். பேரம் பேசவில்லை.
"உள்ளே சேவ் அப்படியே இருக்கா, பாக்கலாமா?"

சோதனை டிவியில் செருகினேன்.
மூன்று இடங்கள், இரண்டு காலி.
முதல் இடத்தில் ஒரு பெயர்: டூவா.
அறுபத்திரண்டு மணி நேரம்.
யாரென்று அவர் சொல்லவில்லை,
நான் கேட்கவில்லை.
அணைக்கிறவரை நின்றுவிட்டு
"பதினஞ்சாம் தேதி சம்பளம்" என்றார்.

கடை சாத்திய பிறகு ஸ்டிக்கர்களை உரிக்க உட்கார்ந்தேன்.
சுத்தம் செய்கிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டு.
நகம் கொஞ்சம் ஆழமாகப் போய்விட்டது.
மூன்று விலையோடு லேபிளில் பாதியும் வந்தது.

லேபிள் கிழிந்தால் கால் விலை.
வெர்லினே எழுதிச் சுவரில் ஒட்டிய சட்டம்.
காலையில் கேட்ரிட்ஜைப் பார்த்தார்.
என் நகத்தையும் பார்த்தார்.
முப்பத்தாறு என்று தானே அடித்து ஒட்டினார்.

பதினான்காம் தேதி எனக்கு விடுமுறை.
விஸ்கான்சினிலிருந்து கார் எடுத்து வந்து
கடை கடையாக அரிக்கிற பையன் ஒருவன் உண்டு.
முப்பத்தாறைக் கொடுத்துத் தூக்கிப்போயிருக்கிறான்.
இரவே ஏலத்தில் பார்த்தேன்:
லேபிள் சேதம். புதிய பேட்டரி. நூற்று முப்பது.

புதிய பேட்டரி.
பழையதைக் கழற்றிய நொடியில்
மூன்று இடமும் காலி.

மறுநாள் ரென்னர், சட்டையில் தாதுத்தூசியோடு.
விற்றுவிட்டது என்றேன்.
பேட்டரியைப் பற்றிச் சொல்லவில்லை.
கண்ணாடிக்குள் அது இருந்த இடத்தை,
தூசி படியாத அந்தச் செவ்வகத்தை,
சிறிது நேரம் பார்த்தார்.
பிறகு குனிந்து, அலமாரிக்கு அடியிலிருந்து
ஒரு ஐஸ் ஹாக்கியை உருவினார்.
இரண்டு டாலர். ரசீது வேண்டாம்.
அலமாரி ஒருமுறை ஆடி
நின்றது.

கையிருப்பு நாற்பது என்று நோட்டில் திருத்தினேன்.
மாலையில் ஒரு பெண் வந்தாள்,
இன்னொரு வாழைப்பழப் பெட்டி.
மூடியைத் திறந்தால்
மேலாகவே இருந்தது,
இரண்டு.