சூப்பிப் போத்தல்

செவ்வாய்க்கிழமை பத்தரைக்கு
நாய் குரைக்கவில்லை.
லோன்காரப் பொடியனின் மோட்டார் சைக்கிள்
மாங்குளம் பெற்றோல் செற்றில்
நூற்றிப் பதினேழாவதாய் நிற்குது என்று
தவமலர் ஓடிவந்து சொன்னாள்,
பிள்ளை பிறந்த செய்தி சொல்பவளைப் போல.

நாங்கள் ஐந்து பேர், ஒரு குழு.
ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற நாலு பேர் கட்டவேண்டும்.
அன்ரனிற்றா மருந்து குடித்த கிழமையும்
வந்து குந்தியிருந்தான்
கொப்பியை மடியில் விரித்தபடி.
எழுதிப் போட்ட மனுக்களும்
கச்சேரி வாசலில் நின்ற நாட்களும்
நிறுத்தாத அவனை
இல்லாத நாலு லீற்றர் பெற்றோல்
நிறுத்திப்போட்டது.

சனிக்கிழமை நானும் போனேன், மண்ணெண்ணெய்க்கு.
கச்சான் ஒன்பது நாளாய்த் தண்ணீர் காணவில்லை.
பம்ப் கிணற்றடியில் வாய் பிளந்து கிடக்கிறது
(அதுவும் அவனுடைய கடன்தான்).
எங்கள் வரிசையில் ஆட்கள் இல்லை, கான்கள்.
கைபிடிகளுக்குள்ளால் ஓடும் ஒரு நைலோன் கயிறு,
கயிற்றின் நுனியில் ஒரு கல்.
ரோக்கன் பார்க்கிற ஆமிப் பொடியன்
துவக்கை முதுகுக்குத் தள்ளிவிட்டு
போனில் தாயோடு கதைக்கிறான்.
சிங்களத்தில் எனக்கு விளங்கியது ஒரு சொல்:
காஸ்.

பின்னேரம் யாரோ போனை உயர்த்திப் பிடித்தார்கள்.
கொழும்பில் சனம் மாளிகைக்குள்.
நீச்சல் குளத்தில் குதிக்கிறார்கள்,
பெரிய கட்டிலில் புரள்கிறார்கள்,
ஒருவன் துவாயால் தலை துவட்டுகிறான்
தன் வீட்டுக் கிணற்றடியில் நிற்பவனைப் போல.
வரிசை சிரித்தது.
நானும் சிரித்தேன், பொய் சொல்லக்கூடாது.
பூரணலட்சுமி அக்கா மட்டும் கேட்டாள்:
"இவையளை ஆர் படமெடுக்கிறது?"
அவையளேதான் அக்கா, என்றோம்.
ஐந்து வருசமாய் மகனின் படத்தோடு
றோட்டுக்கரைக் கொட்டிலில் இருக்கிறவள்.
அவளைப் படமெடுக்கிறவன்
சிவில் உடுப்பில், எதிர்க்கடையில்,
சோடா குடிக்கிற சாட்டில் வருவான்.
"அப்ப பயமில்லைப் போல" என்றாள்.
கானை ஒரு அடி நகர்த்தினாள்.

ஞாயிறு மத்தியானம் கஜீபன் வந்தான்.
நூற்றிப் பதினேழு, எண்பத்தொன்றாகியிருந்ததாம்.
"அக்கா, கொஞ்சம் தண்ணி."
அவன் என்னிடம் காசைத் தவிர
வேறொன்றைக் கேட்டது அன்றுதான்.
அதே சேட்டு, ஆறு நாள் வேர்வை.
வசூல் இல்லாட்டிச் சம்பளம் இல்லையாம்,
மோட்டார் சைக்கிளும் லீசிங்காம்,
அதையும் ஒருவன் போனில் கேட்டு ஏசுகிறானாம்.
தொண்ணூற்றொன்பதில் பிறந்தவன்.
"உங்களுக்கு இதெல்லாம் பழக்கமோ அக்கா?
ஓடுறதுக்கு வேற வழியே இல்லையோ?"

என் கைக்குத்தான் முதலில் ஞாபகம் வந்தது.
தடைக்காலம். சவர்க்காரமும் பற்றரியும்
ஆயுதம் என்று மறித்த காலம்.
கண்ணுக்கு விடும் மருந்து முடிந்த குட்டிப் போத்தலில்
பத்துச் சொட்டுப் பெற்றோல்.
காபரேற்றருக்குள் ஒரு பீச்சு,
உதை, இன்னொரு உதை,
எஞ்சின் சுட்டதும் மண்ணெண்ணெய் பிடிக்கும்.
புகை கக்கிக் கக்கி
காயக்காரன் ஒருவனைப் பின்னால் இருத்தி
ஒட்டுசுட்டானில் இருந்து புதுக்குடியிருப்புக்கு
இருட்டில் ஓடியவள் நான்.
அவன் தாங்கியைக் குலுக்கினால்
அந்தப் பத்துச் சொட்டு அடியில் இருக்கும்.
விடிந்தால் என் கானில்
ஐந்து லீற்றர் மண்ணெண்ணெய் இருக்கும்.

"தெரியாது தம்பி" என்றேன்.

தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தான்.
தொண்டைமுடிச்சு ஏறி இறங்கியது,
சின்னப் பிள்ளையின் தொண்டை.
வெறும் போத்தலை வாங்கிப்
பையின் அடியில் வைத்தேன்.
அவன் வெயிலுக்குள் நடந்து போனான்
எண்பத்தொன்றாம் இடத்துக்கு.
கயிற்று நுனிக் கல்லை யாரோ காலால் தட்ட
கான்கள் எல்லாம் ஒருமுறை அசைந்தன.
செவ்வாய்க்கு இன்னும் இரண்டு நாள்.