பால்பேணி

சுட்ட தோட்டாவின் அடியை ஊசியால் தட்ட
செத்த கேப்பு பால்பேணிக்குள் விழும்:
டிங்.
பேணி நிறைய நிறைய
வெறும் டக்.

லைசென்ஸ் துவக்கு.
குரங்குக்கு ஐந்து,
பன்றிக்கு ஒன்று, அது தப்பிவிட்டது.

எப்படியும் ஒன்று துள்ளி
தையல் மெஷினுக்குக் கீழே ஓடிவிடும்.
பித்தளை, காந்தத்துக்கு மசியாது.
மூன்றாம் நாள் தும்புத்தடியோடு சுகிர்தமலர்:
"இந்தாங்கோ, உங்கட மூக்குத்தி."

வளவுக்குள் கொட்டலாம்தான்.
ஆனால் இது எழுதுமட்டுவாள் மண்.
என்றோ ஒருநாள் கருவி கத்தும்.
யாரோ ஒரு பிள்ளை
முகக்கவசத்துக்குள் வேர்த்தபடி முழங்காலில் நின்று
அரைநாள் தூரிகையால் தடவித் தடவி எடுப்பாள்,
உளுந்தளவு ஒன்றை.

நாலு வருசம் சுகிர்தமலர் பார்த்த வேலை அது.
பேணியும்
அவள் கழுவித் தந்ததுதான்.