நாலு லட்சத்துப் பன்னிரண்டாயிரம்

செப்டம்பர். கெமியார்வியில் பிர்ச் மரங்கள்
ஒரே வாரத்தில் மஞ்சளாகிவிட்டன.
முதல் பனிக்கு இன்னும் ஐந்து வாரம் என்று வைத்துக்கொள்வோம்.
மின்கட்டண உறையைத் திருப்பிப் போட்டு
பழைய வால்வோவுக்குக் கணக்கெழுதுகிறேன்
மூன்று தலைப்பில்:
நிறுத்திவிடுபவை.
கொல்பவை.
முனகுபவை.

முனகுபவற்றில் முதலாவது பின்கதவு.
முனகட்டும்.
அடுத்தது இருக்கைச் சூடேற்றி,
இடப்பக்கம் மட்டும் சுடுகிறது.
நாலு குளிர்காலத்தை
ஒரு தொடையின் கதகதப்பில் ஓட்டியாயிற்று,
ஐந்தாவதையும் ஓட்டலாம்.

கொல்பவற்றில் பிரேக் குழாய்கள்.
சாலை உப்பு தின்ற இரும்பு
நகம் பட்டால்
பட்டைபோல் செதில் செதிலாக உதிர்கிறது.
இதில் பேரம் கிடையாது.
முந்நூற்றெண்பது யூரோ. அடிக்கோடு.

மூன்றாவதில் பேனா நின்றுவிட்டது.

டைமிங் பெல்ட்.

லட்சத்துக்கு ஒரு பெல்ட் என்பது கணக்கு.
என்ஜின் மூடியின் உட்புறம்
எஸ்கோ ஒட்டிய சீட்டு இன்னும் இருக்கிறது.
மாற்றியாயிற்று என்பது தெளிவு,
எத்தனையாவது கிலோமீட்டரில் என்பதை
எண்ணெய் குடித்துவிட்டது.
முதல் இலக்கம் மூன்று.
அடுத்தது ஒன்றாக இருக்கலாம், ஏழாகவும் இருக்கலாம்.
ஏழென்றால் இரண்டு குளிர்காலம் கவலையில்லை.
ஒன்றென்றால்
போன மாதம் சல்லா தேவாலயத்துப் பியானோவுக்குப்
போய்வந்ததே கடனில்.

எஸ்கோ இப்போது ஓலுவில்.
என் பிறந்தநாளை மறந்திருக்கிறார்,
கிலோமீட்டரை மறந்ததில்லை.
ஒரு போன் போதும்.
எடுத்தேன். வைத்தேன்.
புதுப் பெல்ட், கூடவே வாட்டர் பம்ப்,
எழுநூற்று நாற்பது யூரோ.
ஒரு போன் பேசாமலிருக்க
கொஞ்சம் அதிகம்தான்.
எழுதிக்கொண்டேன்.

பெல்ட் சொல்லிவிட்டு அறுவதில்லை.
பியானோத் தந்தியும் அப்படித்தான்,
ஆனால் அது அறுந்தால் ஒரு சுரம் போகும்.
இங்கே வால்வும் பிஸ்டனும்
ஒரு நொடியில் முட்டிக்கொள்ளும்,
மைனஸ் முப்பத்தொன்றில்,
கலைமான்கள் மட்டும் நடக்கும் சாலையில்,
என் சுருதிக் கருவிப் பெட்டியோடு.

கியர் பெட்டி எண்ணெய் வேறு.
பதினைந்து வருட எண்ணெயை
ஒரேயடியாக வடித்தால்
அழுக்கை நம்பி ஓடும் கியர்
அன்றைக்கே கைவிரித்துவிடும் என்கிறார்கள்.
மாற்றாவிட்டாலும் விரிக்கும்.
இது எனக்குத் தெரிந்த வேலை.
அரைச் சுரம் இறங்கிப்போன கிழட்டுப் பியானோவை
யாரும் ஒரே நாளில் ஏற்றுவதில்லை.
கொஞ்சம் ஏற்றி, விட்டுவைத்து,
ஒரு மாதம் கழித்து மறுபடி.
எண்ணெயையும் மூன்று தவணையில்
மூன்று மூன்று லிட்டராக.

ரைமோ உறையை வாங்கிப் படித்தார்.
பட்டறையில் ரேடியோ
மீன்பிடி வானிலை வாசித்துக்கொண்டிருந்தது.
கியர் எண்ணெய் வரியில் விரல் நின்றது,
தலை அரை அங்குலம் ஆடியது.
இந்த ஊரில் அது கைதட்டல்.

பிறகு கேட்டார்:
இன்னும் எத்தனை நாள் வைத்துக்கொள்வதாக எண்ணம்?
அதைப் பொறுத்துத்தான் எல்லாம்.

வங்கியிலும் இதையே கேட்டார்கள், வீட்டைப் பற்றி.
என் அக்கா கேட்டாள், கெமியார்வியைப் பற்றி.
அவர்களுக்கெல்லாம்
பார்க்கலாம் என்றே சொல்லிவந்தேன்.
பெல்ட்டுக்குப் பார்க்கலாம் என்று ஓர் அளவு இல்லை.
மாட்டினால் ஒரு லட்சம்.
மாட்டாவிட்டால் எதுவுமில்லை.

ஐந்து லட்சத்துப் பன்னிரண்டாயிரம் வரை என்றேன்.
என் வாயிலிருந்து அவ்வளவு பெரிய எண்
வந்து வெகுகாலம்.

ரைமோ சிரிக்கவில்லை.
நாட்காட்டியைப் புரட்டினார்.
வியாழன், காலை ஏழு.
காபி இருக்காது, குடித்துவிட்டு வாருங்கள்.

வாசல்வரை போனவள் திரும்பி
புதுச் சீட்டில் எண்ணைப்
பென்சிலால் எழுதச் சொன்னேன்.
எண்ணெய் மையைத்தான் கரைக்கும்.
ஏழுக்கு நடுவில் ஒரு கோடு போடவும் சொன்னேன்.
ஏழே வராதே என்றார்.

சரிதான்.
வந்தால் போடுங்கள்.